நாய் படுத்திருக்கும் கல்

கொக்கியின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு வலி குடியிருந்தது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் போல எத்தனை சொன்னாலும் காலி செய்யாது. சர்க்கரை மூட்டை இறக்கிய நாளில் ஓரமாகச் சுருண்டு கிடக்கும். சிமென்ட் இறக்கிய நாளில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஆனால் நகர அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் வலித்த மாதிரி அது எந்த மூட்டைக்கும் வலித்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் உலகத்திலேயே பாரமான வேலை என்பதைக் கொக்கி அங்கேதான் கற்றுக்கொண்டான்.

கிடங்கில் மூட்டை தூக்குவது அவன் தொழில். சாக்கைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் தோளில் தொங்கும். கல்யாணத்தன்றும் அப்படியே வந்து நின்றதாக அவன் மனைவி சொல்வாள். பெற்றவர்கள் வைத்த பேர் கூலி கொடுக்கிறவருக்கே மறந்துபோயிற்று.

அவன் வீட்டு வாசலை ஒட்டி ஓர் ஆழமான சாக்கடை ஓடுகிறது. அதை மூடியிருந்த சிலாப்பின் மேல் ஒரு செங்கல் லாரி பின்பக்கமாக வந்து ஏறியது. சிலாப் இரண்டாகப் பிளந்து உள்ளே போயிற்று. லாரிக்காரன் இறங்கிப் பார்த்து, தன் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியோடு போய்விட்டான். கொக்கி ஒரு பலகையைக் குறுக்கே போட்டான். பலகை ஒரு நாள் புரண்டது. அவன் மனைவி உள்ளே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்கு அனுப்புவோம், மாதக்கணக்கில் வாராவாரம் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம் என்பது கொக்கியின் யோசனை. தூக்குவது அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. அவள் கட்டிலில் படுத்தபடியே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதுகுல ஏத்தி இறக்க நான் என்ன சர்க்கரை மூட்டையா? நீ வேலைக்குப் போனப்புறம் வீடு தீப்பிடிச்சா யாரு தூக்குவா? கல்லு போட்டா வீட்டுக்கு வர்றேன். இல்லன்னா ஆஸ்பத்திரியில இருந்து நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவளுடைய அக்கா வீடு நாலு ஊர் தள்ளி இருந்தது. அங்கே போனவர்களை அந்த அக்கா லேசில் திருப்பி அனுப்பமாட்டாள். கொக்கிக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது ஒரு பக்கம். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆள் இல்லாத வீட்டை அவன் இந்தச் சில வாரங்களாகப் பார்த்துவிட்டான். அது முதுகு வலியைவிட மோசமாக இருந்தது.

முனை வீட்டுக்காரர் போல நாமே சிமென்ட் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் பயம். அவர் போட்ட மறுநாளே நகர அலுவலகத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்து இடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவுக்கு அவர்கள் உடம்போடு வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகவே கொக்கி நகர அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே களப்பணிப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவில் ஒரு பலகை: 'களப்பணி நடைபெறுகிறது. செருப்பை வெளியே விடவும்.' உள்ளே கம்பளம் விரித்த குளிர்ந்த அறை. வரிசையாகப் பெரிய திரைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர். முன்பெல்லாம் இவர்கள் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து பள்ளத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு ஏதோ ஒரு கம்பெனி, தலையில் பந்து முளைத்த காரை ஊர் முழுக்க ஓட்டி, எல்லாத் தெருவையும் படம் பிடித்து இணைய வரைபடத்தில் போட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தத் தெருவிலும் நடக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து நகர அலுவலகத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை.

கொக்கியின் பகுதிக்கு உரிய பொறியாளர் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். களத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்பது விதி. கொக்கி அவரைக் கும்பிட்டுப் பேச வாயெடுத்தான். கடைநிலை ஊழியர் ஓடி வந்து தடுத்தார்.

"சார் வெளிய போயிருக்காரு."

"இதோ உட்கார்ந்திருக்காரே."

"உடம்பு இங்க இருக்கு. ஆள் களத்துல இருக்காரு. குறுக்க பேசினா எங்கயாவது மோதிக்குவாரு."

கொக்கி காத்திருந்தான். பொறியாளர் திரும்பி வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு நல்ல வெயில் என்று சலித்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கொக்கியின் புகாரைக் கேட்டார். உடனே நேரில் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. சுறுசுறுப்பான மனிதர்.

பெரிய சாலை வழியாகப் போனார். நாற்சந்தியில் படத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொறியாளர் நின்றார். கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். படத்தில் விளக்கு மாறாது என்பது நினைவுக்கு வந்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று அறையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

பிறகு கொக்கியின் தெரு வந்தது.

கொக்கிக்கு ஒரு கணம் புகார் மறந்துபோயிற்று. அவன் விடியுமுன் போய்ப் பொழுது சாய வருகிறவன். வேலை நாளின் நடுப்பகல் தன் தெருவில் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. சுவரெல்லாம் வெளிச்சமாக இருந்தது. யாரோ ஒரு ஜன்னலில் போர்வை காயப்போட்டிருந்தார்கள். அவன் வீட்டு வாசலில் மஞ்சள் உடுப்பில் அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். முகம் மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்தது போலக் கலங்கியிருந்தது. வழியில் போகிறவர் முகத்தையெல்லாம் கம்பெனி அப்படி மறைத்துவிடும் என்றார் பொறியாளர். முகம் இல்லாவிட்டால் என்ன, கதவைப் பிடிக்கிற பிடியிலேயே கொக்கிக்குத் தெரிந்தது. இந்த வேளையில் இவள் யாரை எதிர்பார்த்து நிற்கிறாள் என்று நினைத்தான். காய்கறி வண்டியையாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

அவள் காலடிக்கு முன்னால் சிலாப் முழுசாக இருந்தது. அதன் மேல் ஒரு கறுப்பு நாய் சுருண்டு படுத்திருந்தது.

"சிலாப் இருக்கே," என்றார் பொறியாளர்.

"அது பழைய படம் சார். இப்ப உடைஞ்சு போச்சு."

"உடைஞ்சு போச்சுன்னா நாய் எதுமேல படுத்திருக்கு?"

அந்த நாய் செத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்றான் கொக்கி. அதைக் கேட்டுப் பொறியாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் அது கால்நடைப் பிரிவு, மூன்றாவது மாடி என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, உற்றுப் பார்த்து, மிகவும் அன்பாகச் சொன்னார்.

"வீட்டம்மாவுக்குக் கால் உடைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. நல்லா நிக்கிறாங்களேய்யா. ரெண்டு கால்லயும்."

அடுத்த தடவை கொக்கி போனபோது ஊரே நாறும்படி மழை. கம்பளத்தில் அவன் நின்ற இடத்தில் ஒரு குளம் தேங்கியது. சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வருகிறது என்று சொன்னான். பொறியாளர் ஜன்னலைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். உங்கள் தெருவில் சொட்டு மழை இல்லை, வேறு எங்கேயோ நனைந்து வந்திருக்கிறீர்கள் என்றார். அப்படியானால் கல்லை நானே போட்டுக்கொள்ளட்டுமா, முனை வீட்டில் செய்த மாதிரி இடித்துவிடுவீர்களா என்று கொக்கி கேட்டான். பொறியாளர் அந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகம் போலப் புரட்டிப் பார்த்தார்.

"அவரு படத்துல இல்லாததைக் கட்டினாரு, இடிச்சோம். உங்க கல்லு படத்துல இருக்கு. இருக்கிற கல்லை நீங்க எப்படிய்யா போட முடியும்?"

இதற்கு ஒரே வழி, பந்து முளைத்த கார் மறுபடி வந்து படம் பிடிப்பதுதான். பள்ளம் படத்தில் விழுந்துவிட்டால் மறுநாளே சிலாப் போடுவது தன் பொறுப்பு என்று பொறியாளர் மார்பில் கை வைத்துச் சொன்னார். காரை அழைக்கலாம், ஆனால் தெருவில் தடை எதுவும் இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். தெரு நடுவில் ஓர் இஸ்திரி வண்டி குறுக்கே நின்றது.

அது எதிர் வரிசையில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்காவின் பழைய வண்டி. சக்கரம் போய், அதை அவள் எப்போதோ விறகாக்கிவிட்டாள். இல்லாத வண்டியை அகற்றச் சொல்லி அவளுக்குத் தபாலில் கடிதம் வந்தது. அவள் கொக்கியைத் தெருவில் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் போட்டு எரித்த சாம்பலைக் கொண்டுபோய்க் காட்டவா என்று கேட்டாள். கொக்கி அதையும் போய்க் கேட்டான். சாம்பல் படத்தில் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு நாள் ஆலோசித்தார்கள். கடைசியில் பொறியாளர்தான் கண்டுபிடித்தார். திரையில் உள்ள அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினார். படம் ஒரு தாவு தாவி வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. அறையில் இருந்தவர்கள் மூச்சை விட்டார்கள். வண்டி வழியை அடைக்கவில்லை, தாராளமாகத் தாண்டிப் போகலாம் என்று பொறியாளர் அறிவித்தார். அவர் கையைப் பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்துக் குலுக்கினார்.

கார் வருகிற சனிக்கிழமை வரும் என்று தேதி கிடைத்தது. மனைவியை ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை விடுகிறார்கள்.

தேதியைக் கேட்டு வெளியே வரும்போது கொக்கியை யாரோ பிடித்து ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். களப்பணிப் பிரிவின் ஆண்டு விழா. பொதுமக்கள் என்று எழுதிய வரிசையில் ஆள் இல்லை. ஆகவே கொக்கி பொதுமக்கள் ஆனான். ஆணையர் பேசினார். ஒரு காலத்தில் நம் பொறியாளர் ஒருவர் ஒரு நாளில் ஒரு தெருவைத்தான் பார்த்தார், இன்றைக்கு நூறு தெரு பார்க்கிறார், ஒருவர் காலணியிலும் சேறு இல்லை என்றார். கைத்தட்டல். போன ஆண்டில் களத்தில் யாருக்கும் நாய்க்கடி கிடையாது என்றார். இன்னும் பலமான கைத்தட்டல். பிறகு குரலைத் தாழ்த்தி, மனதில் பட்டதைச் சொன்னார்.

"பொதுமக்கள்கிட்ட ஒரு சின்னக் குறை இருக்கு. இன்னைக்கு நடந்ததை இன்னைக்கே வந்து சொல்றாங்க. நிர்வாகம் அப்படி அவசரப்பட முடியாது. நம்மகிட்ட இருக்கிற நகரம் சுத்தமா, வெயிலோட, அமைதியா இருக்கு. அந்த நகரத்துக்கு ஏத்த மாதிரி வெளிய இருக்கிற நகரம் நடந்துக்கணும். அதுக்கு அவங்க ஒத்துழைக்கணும்."

கொக்கியும் தட்டினான். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததால் தட்டினான்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் சலவைக்கடை வாசலில் போய் நின்றான். பின்கட்டில் அக்கா ஆஸ்பத்திரிப் போர்வைகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் துவைக்கும் கல் ஆள் நீளக் கருங்கல். அவளுடைய மாமியார் காலத்திலிருந்து அடிபட்டு அடிபட்டு, நடுவில் கன்னம் போல வழவழப்பாகக் குழிந்திருந்தது. கொக்கியின் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"என் கல்லுமேல கண்ணு வைக்காத தம்பி."

ரெண்டே நாள் என்றான். நாளைக்கு மனைவி வரும்போது கல் இருந்தால் போதும். சனிக்கிழமை காலையில் காருக்கு முன்னாலேயே கல்லைத் தூக்கிவிடுவேன், பள்ளம் படத்தில் விழும், மறுநாள் அவர்களே சிலாப் போட்டுவிடுவார்கள், கல் உங்கள் பின்கட்டுக்கு வந்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னான். அக்கா ஈரக் கையை உதறினாள். ரெண்டு நாள் வாளியில் கசக்கிக்கொள்கிறேன் என்றாள். உன் பெண்டாட்டி கால் உடைந்திருக்காவிட்டால் உன் பேச்சுக்கு ஒரு கூழாங்கல்கூடத் தரமாட்டேன் என்றும் சொன்னாள்.

கிடங்கு ஆட்கள் ஆறு பேர் கம்பி கொடுத்து, கயிறு கட்டி, மூச்சுப் பிடித்துக் கல்லைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். வழவழப்பான பக்கம் மேலே. அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

வியாழக்கிழமை மனைவியின் சக்கர நாற்காலி அதன் மேல் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உருண்டு வீட்டுக்குள் போயிற்று. அவள் திரும்பிக் கல்லைப் பார்த்தாள். பிறகு, ஆபீஸ்காரர்களை என்னவோ என்று நினைத்தேன், நல்ல கல்லாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். கொக்கி தலையைச் சொறிந்தான். கல் இரவல், சனிக்கிழமை போய்விடும் என்று சொன்னால் இவள் இப்போதே தன் அக்கா ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்ற பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. படத்துக்கு நல்ல வெளிச்சம் என்று கார்க்காரன் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான்.

சாயங்காலம் கொக்கி வந்தபோது அவள் முகம் பூரித்திருந்தது. வீட்டுக்குள் புழுக்கமாக இருந்ததால் நாற்காலியை உருட்டிக்கொண்டு கல்லின் மேல் போய் வெயிலில் உட்கார்ந்தாளாம். தலையில் பந்து வைத்த அந்தக் கார் மெதுவாக வந்ததாம்.

"போன தடவை என் மூஞ்சிய அழிச்சுட்டாங்கன்னு நீதானே சொன்ன. அதான் நேரா நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைக்கூடத் தூக்கினேன். இந்தத் தடவையாவது நல்லா விழுந்திருக்கும்."

கொக்கி கொக்கியைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் மாட்டினான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. வாசலில் தெரிந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தினமும் அந்தப் பொம்பளை வயித்துல மிதிச்சுத்தான் நான் வீட்டுக்குள்ள வரணுமா?"

படம் இணையத்தில் ஏற மாதங்கள் ஆயின. அதற்குள் கட்டுப் பிரித்து அவள் கோலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டாள். கொக்கி வாரம் தவறாமல் களப்பணிப் பிரிவுக்குப் போய்வந்தான். பெஞ்சில் அவன் உட்காரும் இடம் மட்டும் நிறம் மாறியது. ஒரு நாள் பொறியாளரே எழுந்து வந்து, நாற்காலியை விட்டு உடம்போடு எழுந்து வந்து, அவன் தோளில் கை போட்டுத் திரைக்கு அழைத்துப் போனார். இருவரும் நடந்து போய்த் தெருவுக்குள் திரும்பினார்கள். இஸ்திரி வண்டி இல்லை. பொறியாளர் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வாசலில் கல் கிடந்தது. அதன் மேல் சக்கர நாற்காலி, நாற்காலியில் அவன் மனைவி, ராணி மாதிரி நிமிர்ந்து ஒரு கையை உயர்த்தியபடி. முகம் ஈரத்துணியால் துடைத்தது போல இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில், கல்லின் வெயில் பட்ட மூலையில், எங்கிருந்தோ வந்த ஒரு கறுப்புக் குட்டி நாய் சுருண்டு படுத்திருந்தது.

பொறியாளர் கொக்கியின் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் வெற்றி இல்லை. நல்ல செய்தி சொல்லும் டாக்டரின் கனிவுதான் இருந்தது.

"பாருங்க. கல்லும் இருக்கு. நீங்க வீணா பயந்துட்டீங்க, நாய்கூடச் சாகல."

அது சலவைக்கடை அக்காவின் துவைகல் என்றான் கொக்கி. கேட்டுக்கொண்டார். துவைகல்லாக இருந்திருக்கலாம், இப்போது அது நகரத்தின் சிலாப், எடுத்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் என்று விளக்கினார். எடுத்துவிட்டுப் பள்ளம் என்று வந்தாலும் பயனில்லை. படத்தில் பள்ளம் இல்லை. ஒரு தடவை அழைத்துவிட்ட தெருவுக்கு அடுத்த கார் நாலைந்து வருடம் கழித்துத்தான். கொக்கி கடைசியாக ஒன்று கேட்டான். அந்த முகத்தை மட்டும் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா? அவள் ரொம்ப நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என்றான். பொறியாளர் வருத்தத்தோடு ஹெல்மெட்டைக் கழற்றினார். முகங்கள் தன் பிரிவில் வராது என்றார்.

சலவைக்கடை அக்காவிடம் சொல்லப் போனபோது கொக்கி கொஞ்சம் தள்ளியே நின்றான். அவள் வாளியில் குனிந்து கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கல்லுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைச்சிருச்சுன்னு சொல்லு. நல்லா இருக்கட்டும். எனக்குக் கல்லு வேணும், தம்பி."

தருகிறேன் அக்கா என்றான். கல் குவாரியில் கேட்டான். லாரி லாரியாகத்தான் விற்பார்களாம். வீடு இடிக்கிற இடங்களில் தேடினான். கிடைத்ததெல்லாம் சொரசொரப்பு. துணியைக் கிழிக்கும்.

இப்போது வேலை முடிந்ததும் கொக்கி நேராக வீட்டுக்குப் போவதில்லை. அக்காவின் அழுக்கு மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஊர்க்கோடியில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக் கல்லுக்குப் போகிறான். அங்கே அக்கா துவைத்து முடித்ததும் ஈர மூட்டையைத் திரும்பச் சுமந்து வருகிறான். ஈரத்துணி சிமென்ட்டைவிடக் கனம். முதுகில் இருக்கும் குடித்தனக்காரன் உறவுக்காரர்களையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். அவன் கல்லை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டி உள்ளே போகிறான்.

சலவைக்கடை அக்காவுக்குக் கொக்கி ஒரு துவைகல் தரவேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.